இரைச்சலின் தடம்

நுழையும்முன்

ஒளி, வெப்பம், இயக்கம் ஆகியவற்றுக்காக மனிதர் மின்சாரத்தை வீட்டுக்குள் அழைத்தனர். அழைக்காமலே உடன் வந்த ஒன்றும் உண்டு. ஒரு கருவி இயங்கும்போது அடுத்த கருவியின் பணியைக் கெடுக்கும் மின்காந்தக் குறுக்கீடே அது. சூடேற்றும் கருவிகளும் எந்திரங்களும் நெருங்கி வாழும் பின்னலாடைப் பகுதியை முன்வைத்து, அக்குறுக்கீட்டின் இயல்பை இப்பாடம் விளக்குகிறது.

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் வழியில் அமைந்த பழம்பதி திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் அளித்த பொன்னோடும் பொருளோடும் வந்த சுந்தரரை, சிவபெருமானின் பூதகணங்கள் வேடர் வடிவில் வழிமறித்துப் பறித்தன என்பதும், சுந்தரர் பதிகம் பாடி அவற்றை மீளப் பெற்றார் என்பதும் இத்தலத்தின் வரலாறு. இன்று இவ்வூரின் தெருக்களில் இருவகை ஓசைகள் கேட்கின்றன. ஒன்று, தெய்வத் திருமேனிகளை வடிக்கும் சிற்பக்கூடங்களின் கல்லோசை. மற்றொன்று, பனியன் நிறுவனங்களின் தையல் எந்திர ஓசை. இவ்விரண்டோடு செவிக்கு எட்டாத மூன்றாவது ஓசை ஒன்றும் மின்கம்பிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இத்தகைய ஊரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளலாம். வீட்டின் முன்பகுதியில், தைத்து முடித்த உடைகளை நீராவி கொண்டு தேய்க்கும் சிறு கூடம் இருக்கிறது. அங்கு 3 கிலோவாட் திறனுள்ள மின்கொதிகலன் ஒன்று நீராவி தருகிறது. பின்பகுதியில் குடும்பம் வாழ்கிறது. பாட்டி கோவை வானொலி கேட்கிறார். பேத்தி இணையவழியில் பாடம் படிக்கிறாள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை விளக்கு மங்குகிறது. வானொலி ‘படபட’வெனக் கரகரக்கிறது. தெருவின் எதிர்ப்புறச் சிற்பக்கூடத்தில் கல் அறுக்கும் கைப்பொறி ஓடத் தொடங்கினால், வானொலியில் இடைவிடாத இரைச்சல் எழுந்து பேச்சை முழுவதுமாக மூடிவிடுகிறது. தேய்ப்புக் கூடத்தை அடுத்திருக்கும் கணினிப் பூத்தையல் எந்திரம் என்றாவது ஒருநாள் பாதி வடிவத்தில் நின்றுபோய், கையிலிருந்த துணியை வீணாக்கிவிடுகிறது. காரணம் கேட்டால் ஊரார் கூறும் விடை ஒன்றே: “கரண்டு சரியில்லை.”

அவ்விடை முற்றிலும் தவறன்று. ஆயினும், மூன்று வெவ்வேறு நோய்களுக்கு ஒரே பெயரிட்டு அழைப்பது போன்றது அது. பெயர் ஒன்றாக இருக்கும்வரை மருந்தும் தவறாகவே அமையும். வானொலி கரகரக்கிறது என்பதற்காக மின்னழுத்த நிலைப்படுத்தியை விலைகொடுத்து வாங்கி ஏமாறுவோர் பலர்.

மங்கும் விளக்கு

முதல் நோய் எளியது. ஓம் விதி அறிந்த எவரும் கணக்கிடத்தக்கது. 3000 வாட் கொதிகலன் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 13 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்கம்பத்திலிருந்து வீடுவரை சென்று திரும்பும் கம்பியின் மின்தடை அரை ஓம் என்று கொண்டால், கம்பியிலேயே 6.5 வோல்ட் இழக்கப்படும். கம்பி மெல்லியதாகவோ நீண்டதாகவோ இருந்து தடை ஓர் ஓம் ஆனால், இழப்பு 13 வோல்ட். விளக்கு மங்குவது இதனால்தான். தடித்த கம்பி இடுவதும், தளர்ந்த இணைப்புகளை இறுக்குவதும், கொதிகலனுக்குத் தனிச் சுற்று அமைப்பதும் இதற்கான தீர்வுகள். இதில் அலை எதுவும் இல்லை. காற்றில் எதுவும் பரவுவதில்லை.

வானொலியின் கரகரப்போ வேறு வகை. விளக்கு சற்றும் மங்காத வேளையிலும் அது எழும். கொதிகலன் இணைக்கப்படாத பக்கத்து வீட்டிலும், ஏன், மின்கலத்தில் இயங்கும் வானொலியிலும்கூட அது கேட்கும். மின்கலத்தில் இயங்கும் கருவிக்கும் மின்கம்பத்துக்கும் என்ன தொடர்பு என்னும் வினாவுக்கு விடை காண, வானொலியின் பிறப்பை நோக்க வேண்டும்.

பொறியில் பிறந்த வானொலி

1887ஆம் ஆண்டு செருமானிய அறிவியலர் ஐன்ரிக் எர்ட்சு, இரு உலோகக் குமிழ்களுக்கிடையே மின்பொறி பறக்கச் செய்தார். அறையின் மறுபுறம் எவ்வகைக் கம்பித் தொடர்புமின்றி வைக்கப்பட்டிருந்த வளையத்தின் சிறு இடைவெளியிலும் நுண்பொறி ஒன்று தோன்றியது. மாக்சுவெல் கணக்கால் கண்ட மின்காந்த அலையை எர்ட்சு கருவியால் கண்டார். 1895இல் கொல்கத்தாவில் சகதீச சந்திர போசு, அத்தகைய அலையைச் சுவர்களினூடே செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். மார்க்கோனியின் தொடக்ககால நிலையங்களும் மின்பொறியையே ஊற்றாகக் கொண்டிருந்தன. எனவே, உலகின் முதல் வானொலி ஒலிபரப்பி என்பது ஒரு தீப்பொறி. இன்று ஒரு தீப்பொறி பறக்கும் இடமெல்லாம், யாரும் உரிமம் வழங்காத சிறு ஒலிபரப்பு நிலையமே.

பொறி எவ்வாறு அலையாகிறது? வீணை நரம்பை மீட்டினால் எழுவது குறிப்பிட்ட ஒரு சுரம். உளியின் தலையில் சுத்தியல் விழும்போது எழுவது சுரமன்று. தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் ஒருங்கே கலந்த வெடிப்பு. ஒரு மாற்றம் எவ்வளவு திடீரென நிகழ்கிறதோ, அவ்வளவு பரந்த அதிர்வெண்கள் அதில் அடங்கியிருக்கும். மின்பொறி என்பது மின்னோட்டத்தின் சுத்தியலடி. அது எந்த ஒரு நிலையத்தின் அலைவரிசையிலும் நிற்பதில்லை. எல்லாவற்றின் மீதும் சிறிது சிறிதாகப் படிகிறது. ஆதலின், வானொலியில் நிலையத்தை மாற்றுவதால் அதிலிருந்து தப்ப இயலாது.

சூடேற்றும் கருவிகளில் இப்பொறி பிறக்கும் இடம் அவற்றின் கட்டுப்பாட்டு உறுப்பு. தேய்ப்புப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டில் வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்கள் ஒன்றாக ஒட்டப்பட்டுள்ளன. சூடேறினால் அப்பட்டை வளைந்து தொடுமுனைகளைப் பிரிக்கிறது; ஆறினால் நிமிர்ந்து மீண்டும் சேர்க்கிறது. கீசரிலும் இதே வகை ஏற்பாடு உண்டு. நீராவிக் கொதிகலனில் அழுத்த உணர்வியொன்று கான்டாக்டர் எனப்படும் மின்காந்தத் தொடுப்பியை இயக்கி அப்பணியைச் செய்கிறது. தொடுமுனைகள் பிரியும் கணத்தில், இடையே உள்ள காற்று அயனியாகி மின்வில் தோன்றுகிறது. மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியத்தைக் கடப்பதால், அவ்வில் பெரும்பாலும் நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் அணைந்துவிடும். ஆனால், கொதிகலனின் அழுத்தம் கட்டுப்பாட்டு எல்லையிலேயே ஊசலாடினாலோ, தொடுமுனைகள் கருகித் தேய்ந்திருந்தாலோ, அவை உறுதியாகப் பிரியாமலும் சேராமலும் துடித்துக்கொண்டிருக்கும். வானொலியில் கேட்கும் ‘படபட’ ஓசை அத்துடிப்பின் எதிரொலியே. இதனோடு கான்டாக்டரின் கம்பிச்சுருளும் தன் பங்கைச் சேர்க்கிறது. சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால், மின்தூண்டலின் விளைவாக அதன் முனைகளில் பல நூறு வோல்ட் அழுத்தம் கணநேரம் எழும். பூத்தையல் எந்திரத்தின் நுண்செயலி குழம்பி நிற்பதற்கு அந்த ஒரு கணமே போதுமானது.

கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வெப்பம் தரும் கம்பிச்சுருள் இதில் குற்றமற்றது. அது அமைதியான மின்தடை மட்டுமே. குற்றம் முழுவதும் அதனைத் திறந்து மூடும் கதவினுடையது.

சிற்பக்கூடத்துக் கைப்பொறியில் கதவு இல்லை. ஆனால் பொறி உண்டு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று, அதாவது நொடிக்கு 180 சுற்றுக்கு மேல், சுழலும் அதன் மோட்டாரில் கரித்துண்டுகள் செப்புப் பட்டைகளை உரசியவாறு மின்னோட்டத்தைச் செலுத்துகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை பட்டை மாறுவதால் இடைவிடாமல் நுண்பொறிகள் பறக்கின்றன. காற்றுத்துளை வழியே அந்த நீலப்பொறிகளைக் கண்ணாலும் காணலாம். சமையலறை மிக்சியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

தையல் எந்திரத்தின் கதை சற்று வியப்பானது. பழைய கிளட்ச் மோட்டாரில் கரித்துண்டு இல்லை; பொறியும் இல்லை. ஆனால், தையலர் கால் எடுத்த பின்னும் அது வீணே சுழன்றுகொண்டிருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த சர்வோ மோட்டார், தைக்கும்போது மட்டும் சுழல்கிறது. அதனைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சுற்றோ மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் செலுத்துகிறது. எல்இடி விளக்கும், 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இயங்கும் இன்டக்‌ஷன் அடுப்பும் அவ்வாறே. மின்சிக்கனம் தந்த கருவிகள், வடிப்பான் இல்லாமல் மலிவாகச் செய்யப்படும்போது, இரைச்சலையும் சேர்த்தே தருகின்றன.

இவ்விரைச்சல் பயணிக்கும் வழிகள் இரண்டு. குறைந்த அதிர்வெண் பகுதி பெரும்பாலும் மின்கம்பி வழியாகவே வீடு வீடாகச் செல்கிறது. உயர்ந்த அதிர்வெண் பகுதி காற்றில் பரவுகிறது. கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். தெருநெடுகச் செல்லும் மின்கம்பி அவ்வலைக்குப் பொருத்தமானதோர் ஏரியலாகிவிடுகிறது. மின்கல வானொலியும் தப்பாததன் காரணம் இதுவே. செப்புக் கம்பிவழி இணையத்துக்கும் இத்தீங்கு நேரும். கண்ணாடி இழைவழி வரும் இணையத்தைக் குறுக்கீடு தொடுவதில்லை எனினும், இழை வந்து சேரும் பெட்டி மின்சாரத்தில் இயங்குவதால் அப்பெட்டி தப்புவதில்லை.

காலை ஏழு மணி

2020ஆம் ஆண்டு வேல்சு நாட்டின் அபர்ஹோசன் என்னும் சிற்றூரைப் பற்றி உலக இதழ்கள் எழுதின. ஏறத்தாழ 18 மாதங்களாக அவ்வூரின் இணைய இணைப்பு நாள்தோறும் காலை ஏழு மணிக்குச் சீர்கெட்டது. நிறுவனத்தார் பலமுறை வந்து சோதித்தனர்; கம்பிகளையே மாற்றினர்; பயனில்லை. இறுதியில் பொறியாளர் குழு ஒன்று அலைக்கற்றை ஆய்வுக் கருவியோடு விடியற்காலையில் மழையில் ஊரைச் சுற்றி வந்தது. சரியாக ஏழு மணிக்குக் கருவியில் பெரும் இரைச்சல் தோன்றியது. அதன் தடத்தைப் பின்பற்றிச் சென்றபோது ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியை அடைந்தனர். வீட்டுக்காரர் நாள்தோறும் காலையில் அதனை இயக்கும் வழக்கமுடையவர். தம் பெட்டியால் ஊரே துன்புற்றதை அறிந்து வருந்திய அவர், அதனை மீண்டும் இயக்குவதில்லை என உடனே உடன்பட்டார்.

இந்நிகழ்வில் நேரமே துப்பாக அமைந்தது. தேய்ப்புக் கூடங்களிலும் இதே முறை பயன்படும். பெருங்கருவி எதுவும் தேவையில்லை. மத்திய அலை வாங்கும் சிறிய மின்கல வானொலியே போதும். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, ஒலியைக் கூட்டி, கூடத்தில் மெல்ல நடந்தால் இரைச்சல் மிகும் பக்கம் புலப்படும். வானொலிக்குள் இருக்கும் ஃபெரைட் தண்டு, தன் முனை ஊற்றை நோக்கி நிற்கும்போது மிகக் குறைவாக வாங்கும் இயல்புடையது. ஆகவே, வானொலியைக் கிடைமட்டமாகச் சுழற்றி ஒலி தேயும் திசையைக் குறித்துக்கொண்டால், தண்டு காட்டும் கோட்டிலேயே ஊற்று இருக்கும். இரு இடங்களிலிருந்து அவ்வாறு கோடு வரைந்தால் அவை வெட்டும் இடம் தெரியும். பின்னர்க் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து உறுதி செய்யலாம். மின்பெட்டியைத் திறந்து சோதிப்பது மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

தெரிந்து தெளிவோம்

ஆத்திரேலியாவின் பார்க்சு வானொலித் தொலைநோக்கி, 1998 முதல் விளங்காத சில அலைத்துடிப்புகளைப் பதிவு செய்து வந்தது. அவை விண்ணிலிருந்து வந்தவை அல்ல என்பதும், ஆய்வு வளாகத்து நுண்ணலை அடுப்பின் கதவை, சமையல் முடியுமுன்னரே திறந்தபோது எழுந்தவை என்பதும் 2015இல் கண்டறியப்பட்டன.

மருந்தும் ஓர் எச்சரிக்கையும்

பொறியை முற்றிலும் ஒழிக்க இயலாவிட்டாலும், அதன் வேகத்தைத் தணிக்க இயலும். தொடுமுனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கியையும் 100 ஓம் மின்தடையையும் தொடராக இணைப்பது நெடுங்கால வழக்கம். முனைகள் பிரியும்போது பாய விரும்பும் மின்னோட்டத்துக்கு மின்தேக்கி மாற்றுவழி அளிக்கிறது. சுத்தியலடி மெத்தையில் விழுந்தாற்போல் ஆகிறது. கான்டாக்டரின் சுருளுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். தேய்ந்த தொடுமுனைகளையும் கரித்துண்டுகளையும் காலத்தில் மாற்றுவதே பாதி மருந்து. உணர்வுள்ள மின்னணுக் கருவியின் கம்பியை, கொதிகலனின் கம்பியோடு ஒரே குழாயில் செலுத்தாமல் விலக்கி அமைப்பதும் செலவற்ற தீர்வு.

எஞ்சும் இரைச்சலை மின்வடிப்பான் தடுக்கிறது. இங்குதான் உயிரோடு தொடர்புடைய செய்தி ஒன்று உள்ளது. வடிப்பானிலுள்ள சில மின்தேக்கிகள் இரைச்சலை மின்கம்பியிலிருந்து கருவியின் உலோக உடலுக்கும், அங்கிருந்து புவித்தொடுப்புக்கும் வழிநடத்துகின்றன. எர்த் கம்பி இல்லாத கூடத்தில் அவ்விரைச்சலுக்குப் போக்கிடம் இல்லை. வடிப்பான் தன் பணியைச் சரிவரச் செய்யாது. அதனோடு, கருவியின் உடல் ஏறத்தாழ 115 வோல்ட் அழுத்தத்தில் நிற்கும். தொட்டால் விரலில் ‘சுருசுரு’ என்னும் உணர்வு தோன்றும். மின்னோட்டம் மில்லியாம்பியருக்கும் குறைவானது என்பதால் அதனால் பெருந்தீங்கு நேராது. ஆனால், “இது வழக்கமாக இருப்பதுதான்” என்று அதற்குப் பழகிவிடுவதே கேடு. நாளை கம்பியின் காப்புறை கருகி 230 வோல்ட் நேராக உடலில் பாய்ந்தாலும், முதலில் தோன்றும் அறிகுறி தொடுவோரின் உடலில்தான் தெரியும். நீராவியால் நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று தேய்ப்பவருக்கு அது இறுதி அறிகுறியாகவும் ஆகலாம்.

மும்முனைச் செருகியின் மூன்றாம் முனை ஏனைய இரண்டினும் நீண்டதும் தடித்ததும் ஆகும். செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது இறுதியில் விடுபடவும் வேண்டும் என்பதற்காகவே அது நீளமாக அமைக்கப்பட்டது. அம்முனையை உடைத்துவிட்டு இருமுனைத் துளையில் பொருத்தும் வழக்கம் சிறு கூடங்களில் இன்றும் மறையவில்லை. கரியும் உப்பும் இட்ட புவித்தொடுப்புக் குழி கோடையில் உலர்ந்தால் அதன் தடை உயரும். அதற்கு நீர் வார்ப்பதைப் பழைய மின்பணியாளர்கள் மறந்ததில்லை. 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியும் இன்று கடைகளில் கிடைக்கிறது. வானொலியின் கரகரப்பைப் போக்க அழைக்கப்படும் மின்பணியாளர் முதலில் எர்த் கம்பியைத் தேடுவதற்குக் காரணம் இதுவே.

ஒரு கருவி எவ்வளவு இரையலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. வானொலி பரவிய காலத்தில், 1934இல், இதற்கெனப் பன்னாட்டுச் சிறப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழுவின் வரம்புகளைத் தழுவி இந்தியத் தர நிர்ணய அமைவனமும் தரங்களை வெளியிட்டுள்ளது. ஐரோப்பிய நாடுகளில் 1996 முதல் இவ்வரம்பு கட்டாயமானது. திருப்பூர்ப் பின்னலாடை ஐரோப்பாவுக்குச் செல்கிறது. அங்குக் கட்டாயமான அமைதி, அதனைத் தைக்கும் கூடங்களுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

நீலகிரியின் செவி

கோவை வட்டார ஆலைகளுக்கு மின்சாரம் தந்தது நீலகிரி. பைகாரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய பின்னரே இப்பகுதியின் நூற்பாலைகள் பெருகின. அதே மலையில், உதகைக்கு அருகிலுள்ள முத்தோரையில், 1970இல் வானொலித் தொலைநோக்கி ஒன்று இயங்கத் தொடங்கியது. கோவிந்து சுவரூப் தலைமையில் இந்திய அறிவியலர் வடிவமைத்துக் கட்டியது அது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய அதன் கம்பிப்பரப்பு, ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. அவ்விடத்தின் நிலநேர்க்கோடும் ஏறத்தாழ 11 பாகையே. எனவே, தொலைநோக்கியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே சுழற்சியில் விண்மீனைப் பல மணி நேரம் பின்தொடர முடிகிறது. இயற்கையாகக் கிடைத்த சரிவை இவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்திய வேறொரு கருவியைக் காண்பது அரிது.

அத்தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் செவிமடுக்கிறது. தொலைதூர விண்பொருள்களிலிருந்து அங்கு வந்து சேரும் ஆற்றல் எண்ணவொண்ணாத அளவு சிறியது. ஆகவே, இத்தகைய ஆய்வகங்களுக்கு ஒரு தெர்மோஸ்டாட்டின் பொறியும் இடிமுழக்கமாகிறது. அமெரிக்காவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தைச் சுற்றி, 1958இல் ஏறத்தாழ 13,000 சதுர மைல் பரப்பு வானொலி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டது. பழுதுற்ற மின்போர்வை போன்ற எளிய சூடேற்றிகளையும் அங்குள்ள பணியாளர்கள் வீடு வீடாகத் தேடிக் கண்டறிந்து, மாற்றித் தருவதுண்டு. குளிர்மிகு உதகையிலும் அறைச் சூடேற்றிகள் உண்டு. சுற்றுலா விடுதிகளும் அவற்றின் மின்கருவிகளும் ஆண்டுதோறும் பெருகுகின்றன. பதிவில் இரைச்சல் கலந்துவிட்டால் அப்பகுதியை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதை ஆராய்வதே வானியலாளர் செய்யக்கூடியது. அந்நேரத்தில் விண்ணிலிருந்து வந்த அலை முத்தோரைச் சரிவைக் கடந்து போயிருக்கும். பதிவேட்டில் அவ்விடம் வெற்றிடமாகவே இருக்கும்.